சாம்பல் குழாய்க்குள்ளே எதுக்கு டைல்ஸ்?

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இன்னிக்கு நாம பேசப்போறது டைல்ஸ் பத்தி. பாத்ரூம் டைல்ஸ் இல்ல. யார் கண்ணுலயும் படாத இடத்துல, இரும்புக் குழாய்க்கு உள்பக்கமா ஒட்டுற டைல்ஸ். தொழிற்சாலைகள்ல இதை செராமிக் லைனிங்னு சொல்றாங்க. அனல் மின் நிலையம், சிமெண்ட் ஆலை, இரும்பு ஆலை, சுரங்கம்னு எங்கெல்லாம் கல்லும் மண்ணும் தூளும் வேகமா ஓடுதோ, அங்கெல்லாம் இதுக்கு வேலை இருக்கு.

நான் அனல் மின் நிலையத்தை வச்சுத்தான் இதைச் சொல்லப்போறேன். காரணம் ரெண்டு. நீங்க இதைக் கேட்டுட்டு இருக்கிற போனுக்கு ஏத்தின சார்ஜ்ல ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. இன்னொண்ணு, சாம்பல் குழாய் கசிஞ்சா என்ன ஆகும்ங்கிறதை சென்னையோட வடக்கு ஓரத்துல, எண்ணூர்ல, ஜனங்க கண்ணால பார்த்திருக்காங்க. அந்த இடத்துக்குக் கடைசியில வருவோம்.

முதல்ல ஒரு கணக்கு

இந்திய நிலக்கரியில சாம்பல் ரொம்ப அதிகம். பொதுவா 30-லிருந்து 45 சதவீதம் வரைக்கும் இருக்கும். அதாவது 100 கிலோ கரியை எரிச்சா 30, 40 கிலோ எரியாமலே மிஞ்சும். மிஞ்சுறது என்ன? பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். எளிமையா சொன்னா, மண்ணும் மணலும்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 700 கிராம் கரின்னு வச்சுக்குவோம். 210 மெகாவாட் இயந்திரம் ஒண்ணு முழுத் திறன்ல ஒரு நாள் ஓடினா 50 லட்சம் யூனிட். அதுக்கு சுமார் 3,500 டன் கரி வேணும். சாம்பல் 35 சதவீதம்னு போட்டா, 1,200 டன் சாம்பல். 20 டன் ஏத்துற டிப்பர் லாரியில அள்ளினா 60 லாரி. இது ஒரே ஒரு இயந்திரத்துக்கு, ஒரே ஒரு நாளைக்கு. வட சென்னை அனல் மின் நிலையத்தோட முதல் ரெண்டு கட்டங்களை மட்டும் எடுத்தாலே 1,830 மெகாவாட்.

இவ்வளவு கரியும் சாம்பலும் நடந்து போகாது இல்லையா? கன்வேயர் பெல்ட், சரிவான தகரத் தொட்டி, அரைக்கிற மில், குழாய், பம்புன்னு இரும்பு மேல உரசிக்கிட்டேதான் போகணும். மில்லுல கரியை முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி அரைக்கிறாங்க. பெரும்பகுதி 75 மைக்ரானுக்குக் கீழ, கிட்டத்தட்ட ஒரு தலைமுடியோட தடிமன். அந்தப் பவுடரை காத்தோட கலந்து, நொடிக்கு 25 மீட்டர் வேகத்துல பாய்லருக்குள்ளே ஊதுறாங்க. 25 மீட்டர்னா மணிக்கு 90 கிலோமீட்டர். ஜிஎஸ்டி ரோட்டுல கார் போற வேகத்துல மணல் கலந்த கரித்தூள் குழாய்க்குள்ளே ஓடுதுன்னு நினைச்சுக்கோங்க. ராத்திரி பகலா, மாசக்கணக்கா.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்ற ஊர் நம்ம ஊர். இங்க ஊர்றது எறும்பு கூட இல்ல.

எது எதைக் கீறும்?

தேய்மானத்தைப் புரிஞ்சுக்க ஒரு சின்ன விதி போதும். கடினமானது மென்மையானதைக் கீறும். மோஸ் அளவுகோல்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. டால்க் 1, வைரம் 10. அதுல குவார்ட்ஸ், அதாவது சாதாரண மணலோட முக்கியமான கனிமம், 7-ல இருக்கு. சாதாரண இரும்பு, குழாய் செய்ற மைல்டு ஸ்டீல், சுமார் 4. அப்போ ஒவ்வொரு மணல் துகளும் இரும்புக்கு ஒரு சின்ன உளி.

அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, இந்த அளவுகோல்ல 9. குவார்ட்ஸால அதைச் சுலபமா கீற முடியாது. தேய்க்கிற துகளைவிட தேயுற பரப்பு கடினமா இருந்தா தேய்மானம் கொஞ்சமா குறையாது, சட்டுனு சரியும். மொத்த விஷயத்துக்கும் அடிப்படை இதுதான்.

அலுமினா உங்களுக்குப் புதுசும் இல்ல. பைக்கோட ஸ்பார்க் பிளக்குல வெள்ளையா பீங்கான் மாதிரி ஒரு பகுதி இருக்கே, அது அலுமினாதான். உப்புத்தாள்லயும் சாணைக்கல்லுலயும் இருக்கிற குருணை பெரும்பாலும் அலுமினா, இல்லைன்னா சிலிக்கன் கார்பைடு. தேய்க்கிறதுக்கு உதவுற அதே பொருள்தான் தேயாம காக்கவும் உதவுது.

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. முருகப்பா குழுமத்தோட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. ஆரம்பத் தொழிலே சாணைக்கல், உப்புத்தாள் வகையறாதான். திருவொற்றியூர்ல தொழிற்சாலை. அதே நிறுவனம் இன்னிக்கு தேய்மானம் தாங்குற செராமிக் டைல்ஸும் செய்யுது. பேர்ல இருக்கிற கார்போரண்டம்ங்கிறது, 1890-கள்ல அமெரிக்காவுல எட்வர்ட் ஆச்செசன் சிலிக்கன் கார்பைடுக்கு வச்ச பேர்.

கடினம் மட்டும் போதாது

இந்த இடத்துல ஒரு கேள்வி வரணும். செராமிக் அவ்வளவு கடினம்னா, குழாயையே மொத்தமா செராமிக்ல செஞ்சுட வேண்டியதுதானே?

பீங்கான் கோப்பையைக் கீழ போட்டுப் பார்த்தவங்களுக்கு பதில் தெரியும். கடினம் வேற, உறுதி வேற. கடினம்னா கீறலைத் தாங்குறது. உறுதின்னா அடியைத் தாங்குறது. இரும்பு அடிச்சா நசுங்கும், வளையும், ஆனா உடையாது. செராமிக் வளையவே வளையாது. ஒரு விரிசல் ஆரம்பிச்சா நேரா ஓடிடும். அதனால வெளியில இரும்பு, உள்ளே செராமிக். அழுத்தத்தையும் எடையையும் இரும்பு தாங்கும், உரசலை செராமிக் தாங்கும்.

இதைவிட சுவாரசியமான விஷயம், துகள் எந்தக் கோணத்துல மோதுதுங்கிறது. 1960-ல் இயன் ஃபின்னி எழுதின ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்தத் துறை இதை விடாம பேசிட்டு இருக்கு. துகள் இரும்புப் பரப்பை உரசுற மாதிரி, 20, 30 டிகிரி சாய்வா வந்தா, இழைப்புளி மரத்தைச் சீவுற மாதிரி சீவிட்டுப் போகும். இரும்புக்கு ரொம்ப மோசமான கோணம் இதுதான். அதே துகள் நேரா 90 டிகிரியில மோதினா இரும்பு கொஞ்சம் நசுங்கி வாங்கிக்கும். சேதம் குறைவு.

செராமிக்குக்கு இது அப்படியே தலைகீழ். சாய்வா வந்தா துகள் வழுக்கிட்டுப் போயிடும், ஒண்ணும் ஆகாது. நேரா மோதினா நுண்ணிய விரிசல் விட்டு, சில்லு சில்லா பெயரும்.

இந்த ஒரு விஷயத்தை வச்சே எந்த இடத்துக்கு எதைப் போடலாம்னு பாதி முடிவு பண்ணிடலாம். குழாயோட வளைவு இருக்கே, பிளம்பர் பெண்டுன்னு சொல்வாரே, அதுல தூள் வெளிப்பக்கச் சுவர்ல சாய்வா உரசிட்டுத் திரும்பும். அது செராமிக்கோட சொந்த ஊர். ஆனா கன்வேயர் முனையிலிருந்து தேங்காய் அளவு கரிக்கட்டி பத்து அடி கீழ விழுற இடத்துல மெல்லிசான டைல் ஒட்டினா, உடைஞ்சுதான் போகும்.

அங்க என்ன பண்றாங்க? ஒண்ணு, டைலுக்குப் பின்னாடி ரப்பர் வச்சு அதிர்ச்சியை வாங்க வைக்கிறாங்க. இன்னொரு உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். விழுற இடத்துல ஒரு தட்டு மாதிரி தடுப்பு வச்சு, கரியே அங்க கொஞ்சம் குவிஞ்சு நிக்க விட்டுடுறாங்க. அடுத்து வர்ற கரி இரும்பு மேல விழாது, தேங்கி நிக்கிற கரி மேல விழும். கரியைக் கரியே தாங்கிக்கும். செலவும் கம்மி.

மூணாவது வழி பொருளையே மாத்துறது. அலுமினாவோட கொஞ்சம் ஜிர்கோனியா கலக்கிறாங்க. விரிசல் வர்ற இடத்துல ஜிர்கோனியாவோட படிக அமைப்பு மாறி, அளவுல லேசா உப்பும். உப்பும்போது விரிசலோட வாயை அழுத்தி மூடப் பார்க்கும். 1975-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூணு பேர் இதைப் பத்தி எழுதின கட்டுரைக்கு வச்ச தலைப்பே, செராமிக் எஃகா, அப்படிங்கிற கேள்விதான்.

டைல் ஒட்டுறது ஒரு கலை

அலுமினா டைல் எப்படிச் செய்றாங்க? அலுமினாத் தூளை அச்சுல அழுத்தி, 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூளையில சுடுறாங்க. உருகிடாது. தூள்கள் ஒண்ணோட ஒண்ணு இறுகி ஒட்டி, இடைவெளி மறைஞ்சு கல்லாகிடும். தேய்மானத்துக்குப் போடுற டைல்ல பரவலா இருக்கிறது 90, 92 சதவீத அலுமினா. மீதி சிலிக்கா மாதிரி பொருட்கள், சுடுறதைச் சுலபமாக்கறதுக்கு.

ஆனா டைல் எவ்வளவு நல்லதா இருந்தாலும், ஒட்டுறது சரியில்லைன்னா காலி. முதல்ல இரும்புப் பரப்புல துரு, எண்ணெய் எதுவும் இல்லாம குருணையை வேகமா அடிச்சு சுத்தம் பண்ணணும். அப்புறம் எபாக்ஸி பசை. வீட்டுச் சுவர்ல செங்கல் வைக்கிற மாதிரி, ஒரு வரிசையோட இணைப்புக்கு நேரா அடுத்த வரிசை இணைப்பு வரக்கூடாது. ஏன்னா ஓடுற தூள் இணைப்புக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு வாய்க்கால் வெட்டிடும். குழாயோட வட்டத்துக்கு ஏத்த மாதிரி டைல் ஓரத்தைச் சாய்வா செஞ்சா, கல் வளைவு மாதிரி ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கும்.

சூடு அதிகமான இடத்துல பசை நிக்காது. அங்க நடுவுல ஓட்டை இருக்கிற டைலை வச்சு, ஓட்டை வழியா இரும்போட வெல்டிங் பண்ணி, மேல ஒரு செராமிக் மூடி போட்டுடுவாங்க. இன்னொரு சிக்கல், சூடாகும்போது இரும்பு அலுமினாவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். வெளிச்சட்டை பெருசாகுது, உள்சட்டை ஆகலை. அந்த இழுபறிக்கு இடம் விட்டு வடிவமைக்கணும்.

ஒரே ஒரு டைல் பெயர்ந்தா என்ன ஆகும்? அங்க ஒரு பள்ளம். பள்ளத்துல ஓட்டம் சுழலும். பக்கத்து டைலோட ஓரத்தை அடியிலிருந்து அரிக்கும். அது பெயரும். அப்புறம் அடுத்தது. லைனிங் போட்டாச்சு, இனி அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம்னு நினைக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு புரியுதா?

ஈரச் சாம்பல்

எரிஞ்சு முடிஞ்ச சாம்பலுக்கு வருவோம். சாம்பல்ல பெரும்பங்கு பறக்கும் சாம்பல். அது புகையோட மேல போகும்போது, மின்சாரப் புலத்தால இழுத்துப் பிடிக்கிறாங்க. மீதி, கட்டியும் குருணையுமா பாய்லருக்கு அடியில விழுது. அடியில விழுறது பெரிய துகள், கூர்மையானது. குழாய்க்கு அதுதான் பெரிய எதிரி.

உலர்ந்த சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகுது. போகாததைத் தண்ணியில கலந்து, ஸ்லரியா ஆக்கி, பம்ப் வச்சு பல கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற சாம்பல் குளத்துக்குத் தள்ளுறாங்க. இதுல வேகம் நொடிக்கு ரெண்டு மூணு மீட்டர்தான். ஆனா வேகத்துல ஒரு கத்தி மேல நடக்கிற வேலை இருக்கு. மெதுவா தள்ளினா சாம்பல் குழாய்க்குள்ளேயே படிஞ்சு அடைச்சுக்கும். வேகமா தள்ளினா தேய்மானம் எகிறும். துகள் மோதுற வேகம் ரெண்டு மடங்கானா, தேய்மானம் ரெண்டு மடங்கு ஆகாது. இரும்புல ஏறக்குறைய அஞ்சு, ஆறு மடங்கு ஆகும்.

கனமான துகள்கள் அடியில உருண்டுட்டே போறதால, படுத்திருக்கிற குழாயோட அடிப்பக்கம்தான் முதல்ல மெலியும். அதுக்காக ஒரு பழைய வழக்கம் உண்டு. கொஞ்ச காலம் கழிச்சு குழாயைக் கழட்டி, கால்வட்டமோ மூணுல ஒரு வட்டமோ திருப்பி மாட்டுவாங்க. தேயாத பக்கம் அடியில வந்துடும். நாம வண்டி டயரை முன்னாடி பின்னாடி மாத்துற மாதிரிதான்.

இந்தக் குழாய்களுக்கு அலுமினாவைவிட மலிவா இன்னொரு லைனிங் இருக்கு. பசால்ட், எரிமலைப் பாறை. அதை 1,300 டிகிரி பக்கத்துல உருக்கி, உருளையா வார்த்து, மெதுவா ஆற விட்டு, இரும்புக் குழாய்க்குள்ளே செருகி, இடைவெளியில சிமெண்ட் கலவை ஊத்துறாங்க. அலுமினா அளவுக்குக் கடினம் இல்ல, ஆனா மணலைவிடக் கடினம். பல கிலோமீட்டர் நீளக் குழாய்க்கு அது போதும்.

எண்ணூர்

இப்போ எண்ணூர். வட சென்னை அனல் மின் நிலையத்துலேர்ந்து சாம்பல் குளத்துக்குப் போற குழாய்கள் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியைத் தாண்டிப் போகுது. பல வருஷமா அந்தக் குழாய்கள்ல கசிவு. சாம்பல் ஆத்துல படிஞ்சுது, கழிமுகத்துல படிஞ்சுது. ஆழமா இருந்த இடம் மேடாச்சு. மீனவக் கிராமங்கள் புகார் சொல்லிட்டே இருந்தாங்க. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. ஆத்துல இறங்கி கையால இறால் பிடிச்சு வாழ்றவங்களுக்கு, காலுக்கு அடியில சேறுக்குப் பதிலா சாம்பல்னா, அது சுற்றுச்சூழல் செய்தி மட்டும் இல்ல. அன்னிக்கு ராத்திரி சோறு.

ஒரு விஷயத்தைக் கவனமா சொல்லணும். அந்தக் கசிவு ஒவ்வொண்ணுக்கும் தேய்மானம்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. துரு இருக்கு, இணைப்புகள் இருக்கு, பராமரிப்பு இருக்கு. ஆனா தேயாத சாம்பல் குழாய்னு உலகத்துல எதுவும் கிடையாது. செராமிக் போட்டாலும் தேயும், மெதுவா தேயும். லைனிங் நமக்கு வாங்கித் தர்றது அழியாமை இல்ல, அவகாசம்.

அந்த அவகாசத்தை என்ன பண்றோம்ங்கிறதுதான் கேள்வி. தேய்மானம் நிலநடுக்கம் மாதிரி திடீர்னு வர்றது இல்ல. நாளுக்கு நாள், ஒரே இடத்துல, ஒரே பக்கத்துல நடக்குது. எந்த வளைவு முதல்ல போகும்னு அங்க வேலை பார்க்கிற ஃபிட்டருக்குக் கட்டாயம் தெரியும். வெறும் இரும்புக் குழாயோட சுவர் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்னு, குழாயை வெட்டாமலே, வெளியிலிருந்து அல்ட்ராசானிக் கருவியை வச்சு அளந்துடலாம். லைனிங் போட்ட வளைவை, இயந்திரத்தை நிறுத்துற நாள்ல திறந்து பார்க்கலாம்.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "இதெல்லாம் செலவுதானே, நிறுவனம் ஏன் பண்ணணும்?" நியாயமான கேள்வி. வெறும் குழாயைவிட லைனிங் போட்டது நிச்சயமா விலை அதிகம். ஆனா கணக்கைக் குழாய் விலையோட நிறுத்தக்கூடாது. கரித்தூள் குழாய்ல ஓட்டை விழுந்தா வெளியில கொட்டுறது தீப்பிடிக்கிற தூள், பக்கத்துல நிக்கிறது தொழிலாளி. மே மாச மதியம் இயந்திரத்தை நிறுத்தினா, அந்த மின்சாரத்தை வெளியில அதிக விலைக்கு வாங்கணும். இந்த ரெண்டும் நிறுவனத்தோட கணக்குப் புத்தகத்துல எப்படியாவது வந்துடும். ஸ்லரி குழாய் கசிஞ்சா இயந்திரம் நிக்காம ஓடலாம், கரண்ட் வரலாம், நஷ்டம் ஆத்துக்கு. ஆறு பில் அனுப்பாது. அதனாலதான் பாய்லர் பக்கம் இருக்கிற வளைவுக்குக் கிடைக்கிற கவனம், சதுப்பு நிலத்துல கிடக்கிற குழாய்க்குக் கிடைக்கிறது கஷ்டம்.

அடுத்த தடவை "சாம்பல் குழாய் உடைந்தது"ன்னு ஒரு செய்தி பார்த்தீங்கன்னா, உடைந்ததுங்கிற வார்த்தையில நின்னு மூணு கேள்வி கேளுங்க. அந்தக் குழாயைக் கடைசியா எப்போ அளந்தாங்க? எத்தனை மில்லிமீட்டர் இருந்துச்சு? அந்த எண்ணைப் பார்த்தவர் யாருக்குச் சொன்னார்? பெரும்பாலான குழாய் உடையறது இல்ல, தேஞ்சு முடியுது. முடியறதுக்கு முன்னாடி ரொம்ப நாள் தகவல் கொடுத்துட்டுத்தான் முடியுது.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட வர்றேன்.